இங்கிலாந்தில் ஒரு வருடம் எம்.எஸ்சி. படிப்பது உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி கேட்ட தங்கை எழுதியிருப்பது இது: "அக்கா, வருகிற செப்டம்பரில் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. சேரப்போகிறேன். லண்டன் இல்லை, வடக்கே ஒரு ஊர். விசாரித்தால் ஒருத்தர் சொர்க்கம் என்கிறார், இன்னொருத்தர் கடனில் முழுகிவிடுவாய் என்கிறார். நீங்கள் படித்துவிட்டு வந்தவர். அந்த ஒரு வருடம் எப்படித்தான் இருக்கும்?"

நான் படித்தது ஷெஃபீல்டில், 2022 செப்டம்பர் முதல் 2023 செப்டம்பர் வரை, உலோகவியல். சொந்த ஊர் சேலம். லண்டனில் படித்தவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார், அதனால் இதை ஒரு ஊரின், ஒரு வருடத்தின் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மான்செஸ்டர் விமான நிலையத்தில் நான் இறங்கியது செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. ரயில் பிடித்து ஷெஃபீல்டு வந்து, பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு அரிசி வாங்கக் கிளம்பினால் பெரிய கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. மணி அப்போது ஐந்தே கால். அங்கே பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம், 1994-இல் போட்ட சட்டம். சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்கு. நாடு முழுக்க விடுமுறை, சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் சேர்த்து. ஆக, இங்கிலாந்தில் என் முதல் ஒன்றரை நாள் சாப்பாடு அம்மா கட்டிக்கொடுத்த தட்டுவடையும் குழாய்த் தண்ணீரும். தெருமுனையில் இருந்த சின்னக் கடை இரண்டு நாளும் திறந்துதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. பக்கத்து அறைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

அந்த வருடம் நாடே தடுமாறிக்கொண்டிருந்தது. எனக்கு விசா வந்தபோது போரிஸ் ஜான்சன் பிரதமர், நான் இறங்கியபோது லிஸ் டிரஸ், தீபாவளிக்கு மறுநாள் ரிஷி சுனக். டிரஸ் அரசு செப்டம்பர் 23-இல் போட்ட குட்டி பட்ஜெட்டால் பவுண்டு தடாலென்று விழுந்து, நம் காசுக்குத் தொண்ணூறு ரூபாய்க்கும் கீழே போனது. நான் முதல் தவணையை அதற்கு முந்தைய மாதமே கட்டிவிட்டிருந்தேன். இரண்டாவது தவணை கட்டும்போது நூறைத் தொட்டுவிட்டது. கட்டணம் மொத்தம் இருபத்தைந்தாயிரம் பவுண்டுக்கு மேல். ஒரு பவுண்டுக்கு ஐந்து ரூபாய் ஏறினாலே லட்சத்தைத் தாண்டும் வித்தியாசம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடன் வாங்கும்போது இந்த ஏற்ற இறக்கத்துக்கென்று பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள் என்பேன்.

அப்புறம் குளிர். அக்டோபர் முதல் வாரமே ராத்திரியில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினேன். ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் இருந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. இந்த வீட்டில் இவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். எட்டாவது நாள், உப்புக் கேட்க வந்த நைஜீரியத் தோழி அறைக்குள் கால் வைத்ததும் "இங்கே ஏன் இப்படி உறைகிறது?" என்றாள். குனிந்தாள். ரேடியேட்டரின் பக்கவாட்டில் இருந்த குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. அதை நான்குக்குத் திருப்பினாள், அரை மணியில் அறை சூடாகிவிட்டது. "ஏன் யாரையும் கேட்கவில்லை?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இதில் எனக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1914-இல் கேம்பிரிட்ஜ் போன கணித மேதை ராமானுஜன் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டு மாட்டிக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தாராம். கட்டிலில் கம்பளிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை மேல்விரிப்புக்கு அடியில் இழுத்துச் செருகப்பட்டிருந்தன. அதை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அங்கே படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் பெயர்பெற்ற மகலனோபிஸ்தான் செய்து காட்டினார். ராமானுஜனுக்கே அப்படி என்றால் நான் எந்த மூலை.

உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். அங்கே எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் இருக்கிறார்: பாடத்துக்கு, வீட்டுக்கு, பணத்துக்கு, மனசுக்கு. ஆனால் அவர்களாக வந்து உங்கள் கதவைத் தட்ட மாட்டார்கள். நாம்தான் போய் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். "புரிந்ததா?" என்றால் புரியாவிட்டாலும் தலையாட்டியே பட்டம் வாங்கிய நமக்கு இது குளிரைவிடக் கஷ்டம்.

படிப்பில்தான் இது பெரிதாகத் தெரியும். வகுப்பு வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான். கால அட்டவணையைப் பார்த்ததும் ஆகா என்று இருந்தது. மீதி நேரமெல்லாம் நாமே படிக்க வேண்டியது என்பது உறைக்க ஒரு மாதம் ஆயிற்று. மொத்தம் 180 கிரெடிட், அதில் 60 கடைசியில் எழுதும் ஆய்வேட்டுக்கு. வகுப்புகள் இரண்டு பருவத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டு மாதம் என்பது கேட்கத்தான் நீளம். ஊர் பழகுவதற்குள் முதல் பருவம் பாதி போய்விடும். வேலை தேடுகிறவர்கள் அக்டோபரிலேயே விண்ணப்பம் போட ஆரம்பிக்க வேண்டும், பெரிய கம்பெனிகளின் பட்டதாரி வேலைகள் அப்போதுதான் திறக்கின்றன. பேருந்து எங்கே நிற்கும் என்று தெரியாத மாதத்தில் "ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்" என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு பேராசிரியருக்கு நான் எழுதிய முதல் மின்னஞ்சல் மூன்று பத்தி. மதிப்பிற்குரிய ஐயாவில் தொடங்கி, பணிவன்போடு முடித்திருந்தேன். பதில் ஒன்றரை வரி, கீழே வெறும் முதல் பெயர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அறுபது வயது மனிதரை நான் எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? கிறிஸ்துமஸ் வரைக்கும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டினேன். "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஆரம்பித்தால் பெயர் தேவைப்படாது.

முதல் கட்டுரைக்கு வந்த மதிப்பெண் 54. பி.இ.யில் 85-க்குக் குறையாமல் வாங்கியவள் நான், கழிவறையில் போய் அழுதேன். பிறகுதான் கணக்குப் புரிந்தது. முதுகலையில் 50 எடுத்தால் தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். எண்பது வாங்குவது அபூர்வம். ஆக 54 என்பது நான் பயந்த அளவுக்குக் கேவலம் இல்லை, ஆனால் நல்லதும் இல்லை.

எண்ணைவிட ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகள்தான் என்னை ஏமாற்றின. "இந்த இடத்தை இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்க்க விரும்பலாம்" என்று ஒரு குறிப்பு. விரும்பினால் பார்க்கலாம் போல என்று விட்டுவிட்டேன். அடுத்த கட்டுரையிலும் அதே தவறு, அதே குறிப்பு. விரும்பலாம் என்றால் செய்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். "சுவாரசியமான அணுகுமுறை" என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கலவரப்படலாம். "மோசமில்லை" என்றால் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுக்கலாம். திட்டுவதைக்கூடப் பஞ்சில் சுற்றிக் கொடுக்கிற ஊர் அது. நம் வாத்தியார்கள் நோட்டை மூஞ்சியில் எறிந்தாலும் என்ன தப்பு என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். இரண்டில் எது மேல் என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை.

ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் மாணவர்களைப் பார்க்கவென்றே ஒதுக்கியிருக்கும். நவம்பரில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த 54-ஐ எடுத்துப் போனேன். வெல்டிங் செய்த இடத்துக்குப் பக்கத்தில் எவர்சில்வர் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பது தலைப்பு. ஆறு புத்தகங்களிலிருந்து ஆறு விளக்கங்களை அழகாகத் தொகுத்து வைத்திருந்தேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த ஆறு பேரில் யார் சொல்வது உனக்குச் சரியாகப் படுகிறது?" எனக்குப் படுவதைப் பற்றி அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. பத்து நிமிடம் திக்கித் திணறி ஏதோ சொன்னேன். "இப்போது சொன்னதை எழுது" என்றார், அவ்வளவுதான். அடுத்தது 66.

இதோடு ஒட்டியது காப்பி விவகாரம். நம் ஊரில் புத்தகத்தில் இருக்கிற வரையறையை எழுத்துப் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். அங்கே மேற்கோள் குறியும் ஆசிரியர் பெயரும் இல்லாமல் அப்படி எழுதினால் திருட்டு. சமர்ப்பிக்கிற எல்லாம் டர்னிடின் என்கிற மென்பொருள் வழியாகப் போகும், எந்த வரி எங்கே இருக்கிறது என்று நிறம் பூசிக் காட்டிவிடும். என் வகுப்பில் ஒரு பையனை விசாரணைக் குழு முன்னால் உட்கார வைத்தார்கள். அவன் ஏமாற்ற நினைத்தவன் இல்லை, பழக்க தோஷம். அந்தப் பாடத்துக்கு பூஜ்யம் போட்டு மறுபடி எழுத வைத்தார்கள். முதல் மாதத்தில் நூலகத்தில் மேற்கோள் காட்டும் முறை பற்றி இலவச வகுப்பு நடத்துவார்கள். எல்லோரும் தூங்குகிற வகுப்பு அது, நீங்கள் போய் உட்காருங்கள். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் சமர்ப்பிக்கும் தேதியைத் தள்ளிவைக்கவும் வழி உண்டு. ஆனால் தேதிக்கு முன்னாடியே கேட்டுவிட வேண்டும், முடிந்த பிறகு போய் நின்றால் இரக்கம் கிடைக்கும், மதிப்பெண் கிடைக்காது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஆங்கிலேயர்களோடு படிக்கப்போகிறோம் என்று நினைத்துப் போனேன். வகுப்பில் ஐம்பது பேர் என்றால் அந்த நாட்டுக்காரர் நான்கைந்து பேர். மீதி சீனா, இந்தியா, நைஜீரியா, துருக்கி. குழு வேலை எல்லாம் நான்கு நாட்டு ஆங்கிலத்தில் நடக்கும். சீனப் புத்தாண்டுக்கு மோமோ மாதிரி ஒன்றை எப்படி மடிப்பது, ஜொலோஃப் என்கிற தக்காளிச் சோற்றில் கானாக்காரரும் நைஜீரியரும் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கிலாந்தில் கற்றுக்கொண்டேன். ஆங்கிலேயரை நான் பார்த்தது வேலை செய்த இடத்தில்தான்.

அது ஒரு பப்பின் சமையலறை. கிச்சன் போர்ட்டர் என்று பெயர், பாத்திரம் தேய்க்கிற வேலை. உலோகவியல் படிக்கப் போய் வாரம் பதினாறு மணி நேரம் எவர்சில்வர் தேய்த்தேன். அங்கேதான் யார்க்‌ஷர் என்கிற அந்தப் பகுதியின் பேச்சு காதில் ஏறியது. வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியம்மா "ஃபோர் வைல் டென்" என்றார். நாலு மணியிலிருந்து பத்து மணி வரை என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் "வரை" என்பதற்கும் "வைல்"தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மூன்றரைக்கே போய் நின்றேன். கடைக்காரர், பேருந்து ஓட்டுநர் எல்லோரும் "லவ்" என்றோ "டக்" என்றோ கூப்பிடுவார்கள். முதல் தடவை கேட்டபோது முறைத்துவிட்டேன், பாவம் அந்தத் தாத்தா. நம் பக்கத்தில் "கண்ணு" என்பதுபோலத்தான் அது. "யூ ஆல்ரைட்?" என்றால் நலம் விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்கிறார்கள். நின்று சளி, தலைவலியெல்லாம் விவரித்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம் அங்கே "டீ" என்றால் ராத்திரிச் சாப்பாடு. முதலாளியம்மா ஒரு நாள் வீட்டுக்கு டீ சாப்பிடக் கூப்பிட்டார். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனேன். மேசையில் ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு, சைவம் என்று சொல்லியிருந்ததால் எனக்கென்று தனியாகச் செய்த "பை" என்கிற மாவுப் பண்டம், மேலே குழம்பு. எல்லாவற்றையும் தின்றேன். மரியாதைக்கு உயிர் போனாலும் பரவாயில்லை என்கிற வளர்ப்பு.

வேலையைப் பற்றிக் கணக்காகச் சொல்கிறேன். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். சராசரி எடுக்க முடியாது. போன வாரம் பத்து மணி நேரம்தானே, இந்த வாரம் முப்பது செய்கிறேன் என்றால் அது விசா மீறல். பலர் தடுக்கி விழுகிற இடம் கோடைக்காலம். இளநிலை மாணவர்களுக்கு அப்போது விடுமுறை, முழு நேரம் வேலை செய்யலாம். எம்.எஸ்சி. மாணவருக்கு அது ஆய்வேடு எழுதும் காலம், படிப்பு முடியும் தேதி வரை அதே 20 மணி நேரம்தான். இளநிலை படிக்கிற நண்பர்கள் சொல்வதைக் கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். என் வயதுக்குக் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 9.50 பவுண்டு, 2023 ஏப்ரலில் 10.42 ஆனது. முழு 20 மணி நேரமும் செய்தால் வாரம் 190 பவுண்டு. என் அறை வாடகை வாரம் 95, சாப்பாடு சமைத்துச் சாப்பிட்டால் 30, 35. ஆக வேலை உங்களுக்குச் சோறு போடும், கூரை போடும். கட்டணத்தையும் வேலை பார்த்தே கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பரீட்சை வாரங்களில் நான் வேலைக்குப் போகவில்லை. முதலாளியம்மாவிடம் முன்கூட்டிச் சொன்னால் போதுமாக இருந்தது.

வீடு விஷயத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. ஜனவரியில் விடுதியை விட்டு, நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய செங்கல் வீட்டில் அறை எடுத்தோம். மின்சாரம், எரிவாயு எல்லாம் வாடகைக்குள் என்றார் தரகர். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில், இவ்வளவுக்கு மேல் செலவானால் நீங்கள் கட்ட வேண்டும் என்று ஒரு வரி. எரிவாயு விலை எகிறிக் கிடந்த குளிர்காலம் அது. மார்ச்சில் தலைக்கு 140 பவுண்டு கேட்டுக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டாயிற்று, கட்டினோம். காலி செய்யும்போது சுவரில் பூஞ்சை என்று டெபாசிட்டில் பாதியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். இதை நாங்கள் விடவில்லை. இங்கிலாந்தில் வாடகை டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு, நமக்கு அதன் விவரம் தர வேண்டும். தகராறு வந்தால் அந்தத் திட்டமே இலவசமாக நடுவர் வைத்துத் தீர்க்கும். குடிபோன அன்றே அறையை மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்து வைத்திருந்தேன், பூஞ்சை அப்போதே இருந்தது. முழுத் தொகையும் திரும்பி வந்தது. ஆனால் பூஞ்சையில் எங்கள் பங்கும் உண்டு. ஈரத் துணியை அறைக்குள் காயப்போட்டு, ஜன்னலைத் திறக்காமல் விட்டால் அந்தக் குளிர் சுவரில் பூக்காமல் என்ன செய்யும்?

முழுநேர மாணவருக்கு, வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி கிடையாது, ஆனால் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். வந்த வாரமே பக்கத்து மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் போகிறீர்கள், அதைப் பயன்படுத்தாமல் காய்ச்சலுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுபோன மாத்திரையை வைத்து ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்தேன். 25 வயது வரைக்குமான ரயில் அட்டை வாங்கினால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். முழுநேர மாணவர் என்றால் அதற்கு மேல் வயதானாலும் தருவார்கள்.

டிசம்பரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்றிலிருந்து சாயங்காலம் என்று ஒன்று இருக்காது. டிசம்பரில் காலை எட்டேகாலுக்குத்தான் வெளிச்சம், மாலை நாலு மணிக்கு முன்னால் இருட்டு. ஆய்வகத்துக்குள் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. மழை நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கச் சிணுங்கும். எனக்கு டிசம்பர் நடுவில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. சாப்பாட்டில் ருசி இல்லை, அம்மா போன் செய்தால் எரிச்சல். நேரமும் ஒத்துவராது, எனக்கு மாலை நாலரை என்றால் சேலத்தில் ராத்திரி பத்து, அம்மா கொட்டாவி விட்டபடியே காத்திருப்பாள். சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மருத்துவரிடம் வேறு எதற்கோ போனபோது, தூக்கம் எப்படி என்று கேட்டார், அழுகை வந்துவிட்டது. குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எல்லோருக்குமே அங்கே பரிந்துரைக்கிறார்கள். நம்மைப் போல் தோல் கறுத்தவர்கள் வருடம் முழுக்க எடுப்பது நல்லது என்றார். மத்தியானம் அரை மணி நேரமாவது வெளியே நடக்கச் சொன்னார், பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். ஆறு முறை போனேன், காசு கிடையாது. மாத்திரையா, நடையா, பேச்சா, எது வேலை செய்தது என்று தெரியாது. பிப்ரவரியில் சரியானேன்.

கிறிஸ்துமஸ் அன்று ரயில் ஒன்றுகூட ஓடாது. தெருவில் ஆள் இருக்காது. அன்றைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை நவம்பரிலேயே யாரிடமாவது பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இட்லி சுட்டோம். அந்தக் குளிரில் மாவு பொங்காது, ஓவன் அடுப்புக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் எரியவிட்டால் காலையில் பொங்கியிருக்கும்.

மார்ச் 10-ஆம் தேதி பனி கொட்டி பேருந்துகள் நின்றுபோயின. மேடும் பள்ளமுமான ஊர், பிள்ளைகள் தட்டு, அட்டைப்பெட்டி எதில் வேண்டுமானாலும் உட்கார்ந்து சறுக்கினார்கள். அதற்கப்புறம் வெளிச்சம் வர ஆரம்பித்தது. ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் பீக் டிஸ்ட்ரிக்ட், 1951-இல் அறிவித்த அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா. அடுத்தவர் வயலுக்கு நடுவே பொது நடைபாதை போகும், மாடு மேய்ந்துகொண்டிருக்கும், வேலியைத் தாண்ட மரப்படி வைத்திருப்பார்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஊருக்குள் முகம் பார்க்காமல் போகிறவர்கள் மலைமேல் எதிர்ப்பட்டால் நின்று பேசுகிறார்கள். ஏன் அப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஷெஃபீல்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாம் எவர்சில்வர் என்கிற உலோகம் பிறந்த ஊர் அது. 1913-இல் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாமல் இருக்க ஏதாவது கலவை கிடைக்குமா என்று தேடப்போய், குரோமியம் 12.8 சதவீதம் கலந்த எஃகு துருப்பிடிக்காததைக் கண்டார். எஃகுத் தொழிலாளியின் மகன், பன்னிரண்டு வயதில் ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர். ஊருக்குள் ஒரு கட்டடச் சுவரில் அவர் முகத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பும்போது அந்தப் பக்கமாகத்தான் வருவேன். கெல்ஹம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் 1905-இல் செய்த ரிவர் டான் நீராவி எந்திரத்தை இன்றைக்கும் ஓட்டிக் காட்டுகிறார்கள், 12,000 குதிரைத்திறன், தரை அதிரும்.

நூலகத்தில் ஒரு நாள் சேலம் என்ற பெயர் கண்ணில் பட்டது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்துவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை போட்டார். தாது எங்கள் சேலத்துத் தாது. பிறகு இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்குக்காரர்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள், அவர் உரிமைக்காக நெடுநாள் வழக்காடினார். எனக்கு முன்னாடியே ஒருவர் சேலத்திலிருந்து ஷெஃபீல்டுக்கு வழி போட்டு வைத்திருக்கிறார்.

பாட்டி பெயரின் முதலெழுத்து பொறித்த ஒரு டம்ளரைக் கொண்டுபோயிருந்தேன், 1984-இல் வாங்கியது. கூடவே போகிற வாரம் வாங்கிய புது டிபன் பாக்ஸ். ஆய்வகத்தில் உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் எக்ஸ்ரே துப்பாக்கி ஒன்று உண்டு. இதை வைத்துப் பார்க்கலாமா என்று அங்கிருந்த டெக்னீஷியனைக் கேட்டேன். ஜூன் மாதம் அது, கேட்கப் பழகியிருந்தேன். டம்ளர் அசல் 18-8: குரோமியம் பதினெட்டு, நிக்கல் எட்டு. டிபன் பாக்ஸில் நிக்கல் ஒரு சதவீதம்தான், அதற்குப் பதில் மாங்கனீசு ஒன்பது. விலை குறைக்க இப்போது பாத்திரங்களில் இந்த வகைதான் அதிகம், உப்பும் புளியும் பட்டால் சீக்கிரம் புள்ளி விழும். டெக்னீஷியன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தக் கிறுக்கல் என்ன என்றார். பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கத்தை விளக்கினேன். "கல்யாண வீட்டில் மாறிப்போகாமல் இருக்க" என்றதும் சிரித்தவர், ஒரு வாரம் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் ஆய்வேட்டுக்கு அந்த யோசனை அங்கேயே கிடைத்தது: மாங்கனீசு வகை, உப்புக் கரைசல், புள்ளி அரிப்பு. 71 வந்தது.

கடைசியாக, போகலாமா வேண்டாமா என்கிற கேள்வி. நான் போனபோது இருந்த விதிகள் இப்போது இல்லை. மாணவருக்கான சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 470 பவுண்டாக இருந்தது, 2024 பிப்ரவரியிலிருந்து 776. லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,023 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு வங்கியில் காட்ட வேண்டியிருந்தது, 2025 நவம்பரில் அது 1,171 ஆகிவிட்டது. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் விசா போச்சு. எம்.எஸ்சி. மாணவர்கள் 2024 முதல் கணவன், மனைவி, குழந்தையைச் சார்ந்தோராக அழைத்துப்போக முடியாது. படித்து முடித்தபின் தங்கி வேலை தேட இரண்டு வருடம் தருகிறார்கள், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது பதினெட்டு மாதம். நீங்கள் அந்தக் கணக்கில் வருவீர்களா என்று பாருங்கள். அதற்கப்புறமும் அங்கேயே இருக்க வேண்டுமானால் வேலை தரும் நிறுவனம் விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதற்குப் பொதுவாக வேண்டிய குறைந்தபட்ச வருடச் சம்பளம் நான் படித்து முடித்தபோது 26,200 பவுண்டு, 2025 ஜூலையிலிருந்து 41,700. புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குச் சலுகை உண்டு, ஆனால் அதுவே 33,400. ஷெஃபீல்டு மாதிரி ஊரில் முதல் வேலைக்கு அந்தச் சம்பளம் லேசில் வராது.

நான் ஒரு வருடம் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் கிடைக்காமல் திரும்பினேன். இப்போது ஓசூரில் வேலை. கடன் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அங்கேயே குடியேறிவிடலாம் என்பதை மட்டும் நம்பி வீட்டை அடகு வைத்துப் போவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். திரும்பி வந்தாலும் கடனை அடைக்க முடியும் என்று கணக்கு வருகிறதென்றால், அந்தப் படிப்பு உங்களுக்குப் பிடித்தும் இருக்கிறதென்றால், போங்கள். எனக்கு அந்த 54 தேவைப்பட்டது.

விமான டிக்கெட் போடும்போது ஞாயிற்றுக்கிழமை இறங்காத மாதிரி பாருங்கள். வேறு வழியில்லை என்றால் கைப்பையில் ஒரு கிலோ அரிசி, சின்னக் குக்கர், பருப்புப் பொடி. ரேடியேட்டர் குமிழ் பக்கவாட்டில் இருக்கும்.